சரிவில் நட்ட கல்

விண்ணப்பத்தை நீட்டியதும் நில அளவை அலுவலகத்து எழுத்தர் முதலில் கேட்டது நிலத்தைப் பற்றி அல்ல. "ஹஸ்பண்ட் கா நாம்?" என்றார். கணவர் இல்லை, கல்யாணமே ஆகவில்லை, மனை என் பெயரில் இருக்கிறது, அளந்து கல் நட்டுத் தரச் சொல்லி நான்தான் கேட்கிறேன் என்றேன். "அகேலி?" என்று அடுத்த கேள்வி. ஆமாம், தனியாகத்தான் இருக்கிறேன், அதற்கு வேறு விண்ணப்பம் ஏதாவது உண்டா என்று ஹிந்தியிலேயே திருப்பிக் கேட்டேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். எழுத்தர் முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். என் மேல் விழ வேண்டிய குத்து தாளில் விழுந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

எங்கள் தீவில் என் வீடு குட்வில் எஸ்டேட்டைத் தாண்டி ஏறும் மலைச் சரிவில் இருக்கிறது. சாலை பக்கவாட்டில் வளைந்து ஏறும். அதை ஒட்டி ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று மனைகள். அடியில் இருப்பது ஒரு தெலுங்குக் குடும்பத்துடையது. நடுவில் என்னுடையது. மேலே காண்ட்ராக்டர். அவருக்கும் மேலே ஒரு பெரிய கரும்பாறை, அதற்கப்பால் காடு. என் மனையின் மேல் ஓரத்தில், சாலையிலிருந்து வீட்டுக்கு இறங்கும் சிமென்ட் படிகள் இருக்கின்றன. வேறு வழி கிடையாது. மற்ற பக்கமெல்லாம் செங்குத்தாக வெட்டிய மண், மழைக்காலத்தில் நாய்கூட ஏறாது.

காண்ட்ராக்டர் நம் ஆள்தான், திருநெல்வேலிப் பக்கம். மேல் மனையில் இருந்த வங்காளிக் குடும்பம் கல்கத்தாவுக்குப் போனபோது அதை வாங்கி, சுற்றுலாக்காரர்களுக்கு ஹோம் ஸ்டே கட்ட ஆரம்பித்தார். தூண்கள் எழும்பி, முன்சுவரும் எழும்பிய பிறகு ஒரு காலையில் டேப்பும் கையுமாக ஒரு இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு வந்து அளந்தார். அளந்து முடித்து என் வாசலில் நின்றார்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஒங்க சீடி, இந்தப் படி, நம்ம ஜாகால வருது. மழை முடிஞ்சதும் ஒடச்சிட்டு பார்க்கிங் போடணும். டூரிஸ்ட் வண்டி நிக்க எடம் வேணும்லா."

"அப்ப நான் எப்படி ரோட்டுக்கு ஏறுறது?"

"கீழ்வீட்டுல ஒரு ராஸ்தா கேட்டுப் பாருங்களேன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. கீழ்வீட்டுக்காரிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது அந்தச் சரிவில் எல்லோருக்கும் தெரியும். அவள் வீட்டு ஆண்கள் கடலுக்குப் போகிறவர்கள். விற்றது போக மிஞ்சும் மீனை அவள் முற்றத்தில் காயப்போடுவாள். என் குளியலறைத் தண்ணீர் நேரே அங்கேதான் போய் நிற்கும். சோப்பு நுரையோடு மீன் மிதந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அவள் கோபப்பட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சரிவில் தண்ணீர் கீழேதான் போகும், மேலே போகச் சொல்லிக் கொடுக்க என்னால் முடியாது என்று நானும் கத்தினேன். உன் கருவாட்டு நாற்றம் மட்டும் மேலே வருகிறதே என்றும் சேர்த்துக் கத்தினேன். அதோடு சரி. அவளுக்கு நான் 'ஊபர்வாலி', மேலே இருக்கிறவள்; எனக்கு அவள் 'நீச்சேவாலி', கீழே இருக்கிறவள். வருடக்கணக்கில் அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அவளிடம் போய் வழி கேட்பதா? அதைவிட ஏணி போட்டு ஏறுவேன்.

காண்ட்ராக்டர் எங்கேயிருந்து அளந்தார் என்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் மனை அந்தக் கரும்பாறையையும் சேர்த்ததுதான். ஆனால் பாறையில் என்ன கட்ட முடியும்? அதனால் டேப்பின் நுனியைப் பாறைக்குக் கீழே, மண் தொடங்கும் இடத்தில் பிடிக்கச் சொன்னார். பாறையில் போக வேண்டிய நீளமெல்லாம் சரிந்து இறங்கி என் படிக்கட்டில் வந்து முடிந்தது. பிடிக்காத காய்கறியைத் தள்ளிவிட்டு, அந்த எடைக்கு வேறு காய் போடச் சொல்வதைப் போன்ற கணக்கு. இதை அவரிடமே சொன்னேன். "அக்கா, ஒங்களுக்கு மெஷர்மென்ட் தெரியாது" என்றார்.

ஹேடோ துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்குகளுக்குச் சீட்டுப் போடுவது என் வேலை. மெயின்லேண்டிலிருந்து வந்திறங்கும் சிமென்ட் மூட்டையும் சோபா செட்டும் என் கையெழுத்து இல்லாமல் வாசலைத் தாண்டாது. காலை முதல் மாலை வரை லாரிக்காரர்களோடு மல்லுக்கு நிற்கிறவள் நான். எனக்கு அளவு தெரியாதாம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். சர்க்கார் வந்து அளக்கட்டும், சர்க்கார் கல் நடட்டும்.

விண்ணப்பம் போட்ட செய்தி எப்படியோ கசிந்து, தமிழ்ச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். திருவிழாவுக்கு நன்கொடை வாங்க மட்டுமே என் வீட்டுப் படி இறங்குகிறவர்கள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு ஒருவர் ஆரம்பித்தார்.

"நம்ம ஆளுங்களுக்குள்ள கேஸ் கச்சேரின்னு போனா மத்தவன் சிரிப்பான்மா. பெங்காலி, தெலுங்கு, எல்லாம் பாத்துட்டு இருக்கான்."

"கேஸ் போடலைங்க. அளக்கச் சொல்லியிருக்கேன்."

"அளந்தா மனஸ்தாபம் வரும்."

"அளக்காமலே என் படிய ஒடைக்கிறேங்கிறாரு. அது மனஸ்தாபம் இல்லையா?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொம்பளைப் பிள்ளை தனியாக இருந்துகொண்டு இவ்வளவு வீம்பு ஆகாது என்று மற்றவர் மெதுவாகச் சொன்னார். "டீய குடிச்சிட்டுப் போங்க. கல்லு நட்டப்புறம் பேசிக்கலாம்" என்றேன். குடித்துவிட்டுத்தான் போனார்கள். போகும்போது அந்தப் படியில்தான் ஏறிப் போனார்கள் என்பதை அவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள்.

சென்னையில் இருக்கும் தம்பியும் போனில் அதையே பாடினான். "விட்டுத் தொலைக்கா. வித்துட்டு இங்க வந்துடு. அந்த ஆளுக்கு ஆள் பலம் இருக்கு." எனக்கு வந்த கோபத்தில் போனைக் கடலில் எறிந்திருப்பேன். பிறந்ததும் இங்கே, படித்ததும் இங்கே, சம்பாதித்ததும் இங்கே. எவனோ ஒருவன் பார்க்கிங் போட வேண்டும் என்பதற்காக நான் ஏன் ஊரைவிட்டுப் போக வேண்டும்? "நீ வேணா கப்பலேறி வந்து படியில ஒக்காரு, அவன் எப்படி ஒடைக்கிறான்னு பாப்போம்" என்றேன். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை.

விண்ணப்பம் என்னமோ நகரவே இல்லை. ஒரு தடவை அமீன், அதாவது அளக்க வேண்டிய சர்வேயர், வேறு தீவுக்கு டூட்டியில் போயிருந்தார். கப்பல் ஓடாததால் லாங் ஐலண்டிலேயே மாட்டிக்கொண்டார் என்றார்கள். இன்னொரு தடவை மழை. பிறகு ஒரு நாள் எல்லாம் கூடி வந்தபோது, பக்கத்து மனைக்காரர்கள் அனைவரும் இருக்க வேண்டும், காண்ட்ராக்டர் மெயின்லேண்ட் போயிருப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார், ஆகவே தள்ளிவைக்கிறோம் என்றார்கள். அவருடைய ஜீப் என் தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. அதற்குள் அவர் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். நான் என் போனில் அவரைப் படமெடுத்து, நேரே அலுவலகத்துக்குப் போய் எழுத்தரின் மூக்குக்கு முன்னால் காட்டினேன். "மெயின்லேண்ட் இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டதா, கப்பல் டிக்கெட் எடுக்காமலே போகலாமே" என்று கேட்டேன். அதற்குப் பிறகு மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவை அங்கேயே கொண்டுபோய், விசாரணை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். சத்தம் போடவில்லை, கெஞ்சவும் இல்லை. ஊறுகாய் மணக்க மணக்கச் சாப்பிட்டேன். எழுத்தருக்கும் நாளடைவில் என் எலுமிச்சை ஊறுகாய் பிடித்துப்போய்விட்டது. ஆனால் அவர் தேதி கொடுத்தது ஊறுகாய்க்காக அல்ல, நான் எழுந்து போக மாட்டேன் என்று புரிந்ததால்தான்.

அளக்கும் நாளில் எல்லோரும் வந்தார்கள். காண்ட்ராக்டர் தன் இன்ஜினியரோடு வந்தார். சங்கத்து ஆட்கள் இருவரும் சாட்சிக்கு வந்தார்கள். கீழ்வீட்டுக்காரிக்கும் நோட்டீஸ் போயிருந்ததால், நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு அவள் முற்றத்து ஓரத்தில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பாறைக்கு அடியிலிருந்து அளக்கலாம் என்று காண்ட்ராக்டர் ஆரம்பித்தார். அமீன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சாலையின் அடி வளைவில், கல்வெர்ட்டுக்குப் பக்கத்தில் புதருக்குள் ஒரு சர்க்கார் கல் இருக்கிறது. அங்கிருந்துதான் தொடங்கும் என்று சொல்லிப் புதரை வெட்டச் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. என் அப்பாவும் அந்தக் கல்லிலிருந்துதான் அளந்தார் என்று எனக்குத் தெரியும். ஹேடோவில் சரக்குத் தூக்கும் கலாசியாக இருந்த அப்பாவும், மனை கிடைத்த மற்றவர்களும் துறைமுகத்துப் பழைய கப்பல் கயிற்றில் முடிச்சுப் போட்டு, அந்தக் கல்லிலிருந்து மேலே இழுத்துக்கொண்டு போய், முடிச்சு வந்த இடத்தில் காட்டாமணக்குக் கம்பை ஊன்றி வேலி போட்டார்கள். அந்தச் சரிவில் எல்லா வேலியும் அந்தக் கயிறு போட்ட வேலிதான்.

அமீனின் ஆட்கள் டேப்பை மண்ணில் போடவில்லை. ஒருவர் மேலே நின்று தரையோடு பிடித்தார். மற்றவர் கீழே நின்று கையைத் தலைக்கு மேல் தூக்கி, டேப் மட்டமாக நிற்கும்படி பிடித்து, நுனியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கிப் புள்ளி பார்த்தார். அப்படியே துண்டு துண்டாக ஏறினார்கள். கீழ்வீட்டு மனையின் நீளம் முடிய வேண்டிய இடத்தில் அது முடியவில்லை. காட்டாமணக்கு வேலியைத் தாண்டி என் பக்கம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசியில் என் குளியலறைக்குள் போய், அதைத் தாண்டிய பிறகுதான் நின்றது.

அமீன் என்னைப் பார்த்து, "பஹாட் மே ஃபீதா ஸீதா பகட்னா படதா ஹை, தீதி" என்றார். மலையில் டேப்பை மட்டமாகத்தான் பிடிக்க வேண்டுமாம். தாளில் இருக்கும் நீளம் மட்டமான நீளம். கயிற்றைச் சரிவிலேயே படுக்கப் போட்டால் அந்த நீளம் சீக்கிரம் தீர்ந்துபோகும், மனை குறைந்துபோகும். ஆக எங்கள் எல்லோருடைய வேலியும் இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா இராமநாதபுரத்துக்காரர். அங்கே பூமி படுத்துக் கிடக்கும், கயிற்றையும் படுக்கப் போட்டால் போதும். மலையையே பார்த்திராத மனிதர்கள் மலையில் மனை வாங்கி, ஊர்ப் பழக்கத்தில் அளந்து, தங்களுக்குச் சேர வேண்டியதைத் தாங்களே குறைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

டேப் மேலே போனது. என் மனையின் நீளம் என் வீட்டைத் தாண்டி, படிக்கட்டையும் தாண்டி, காண்ட்ராக்டரின் புதுச் சுவரையும் தாண்டி, அவருடைய முன்வரிசைத் தூண்களுக்கு நடுவே போய் முடிந்தது. டேப் பிடித்த செயின்மேன் ஒரு தூணில் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டார். காண்ட்ராக்டரின் மனையும் அதே போல மேலே நகரும், குறைவில்லை என்றார் அமீன். ஆனால் மேலே இருப்பது பாறை.

காண்ட்ராக்டர் முகம் கறுத்தது. ஆனாலும் தொழில் தெரிந்த ஆள், ஒரு நிமிடம்தான். என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குப் புரியாதபடி சுத்தத் தமிழில், ஒரு ஹிந்தி வார்த்தைகூடக் கலக்காமல் பேசினார்.

"அக்கா, நமக்குள்ள பேசிக்கிடுவோம். இந்த அளவு ஒத்துக்க முடியாது, பழைய வேலியே இருக்கட்டும்னு ரெண்டு பேருமா ஆட்சேபணை எழுதிக் குடுத்திருவோம். படி ஒங்களுக்கு. நான் தொடவே மாட்டேன், பிள்ளைங்க மேல சத்தியம். குளிக்கிற ரூமும் தப்பிச்சுது. என் தூணும் தப்பிச்சுது. அந்தப் பொம்பளைக்கு இது எங்க புரியப் போவுது?"

சங்கத்து ஆட்கள் உடனே தலையாட்டினார்கள். இதுதான் நல்ல முடிவு, நம்ம ஆளுங்க நம்ம ஆளுங்கதான் என்றார்கள்.

ஆசையாக இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நான் கேட்டது படியைத்தானே? அது கையில் வந்துவிட்டது. கூடவே குளியலறையும். நான் செய்ய வேண்டியதெல்லாம் தமிழிலேயே 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்வது. கீழே அவள் எங்கள் வாயசைவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புரியாத பாஷையில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தவளின் முகம் அது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். அலுவலகத்தில் அந்த எழுத்தரும் பக்கத்து மேசைக்காரரும் என்னை வைத்துக்கொண்டே குசுகுசுத்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எனக்கு எங்கேயிருந்தோ சுரீரென்று ஏறியது. கீழ்வீட்டு முற்றம் வரை கேட்கும்படி ஹிந்தியில் சொன்னேன். இந்த ஆள் சொல்வது என்னவென்றால், நீச்சேவாலிக்குச் சேர வேண்டிய இடத்தை அவளுக்குத் தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் வைத்துக்கொள்ளலாமாம், அதற்கு எழுதிக் கொடுக்கலாமாம். நான் எழுத மாட்டேன். அமீன் ஸாப், பத்தர் லகாவோ. கல்லை நடுங்கள். என் குளியலறைக்கு அந்தப் பக்கம் வந்தாலும் அங்கேயே நடுங்கள்.

"அக்கா, சொந்தக் காலை வெட்டிக்கிறீங்க" என்றார் காண்ட்ராக்டர். "என் காலு. நான் பாத்துக்கிறேன்" என்றேன். சங்கத்து ஆட்களில் ஒருவர், இனி ஊரில் எவனும் உன் வீட்டு வாசலுக்கு வர மாட்டான் என்றார். நன்கொடை மிச்சம் என்றேன். அமீன் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். கீழ்வீட்டுக்காரியும் ஏறி வந்து, தன் பெயரை மெதுவாக எழுதிவிட்டு இறங்கிப் போனாள். எனக்கு ஒரு நன்றி கிடையாது. நானும் எதிர்பார்க்கவில்லை, ஆனால் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

கற்கள் நட்டாயிற்று. படிகள் என்னுடையவை என்று இனி எவனும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காண்ட்ராக்டர் தூண்களை இன்னும் எடுக்கவில்லை. அதற்கு அடுத்த விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறேன், ஊறுகாயும் போட்டு வைத்திருக்கிறேன்.

குளியலறைக் கதை மட்டும் மிச்சம் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடப்பாரையை எடுத்தேன். அடுத்தவள் நிலத்தில் ஒரு நாள்கூடக் குளிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று அவளிடம் கேட்கலாம்தான். ஆனால் கேட்பதற்கு என் வாய் வளையாது. இடித்துவிட்டு, மேலே எனக்குக் கிடைத்த இடத்தில் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். அதுவரை வாளித் தண்ணீரை வீட்டுக்குள்ளேயே வைத்துச் சமாளிப்பேன். சுவரின் மூலையில் முதல் குத்து விழுந்தது. சிமென்ட் பெயர்ந்தது. இரண்டாவது குத்துக்குக் கையை ஓங்கினேன்.

"ஏ ஊபர்வாலி!"

திரும்பினேன். கீழ்வீட்டுக்காரி வேலியை விலக்கிக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தாள். மீன் செதில் ஒட்டிய கை, மூச்சு வாங்குகிறது.

"கிஸ்ஸே பூச்கே தோட் ரஹீ ஹை?"

யாரைக் கேட்டு இடிக்கிறாய் என்கிறாள். எனக்கு ஆத்திரம் வந்தது. இடம் உன்னுடையது, அதனால்தான் இடிக்கிறேன், எனக்கு யார் தயவும் வேண்டாம் என்றேன்.

"மேரா ஹை ந?" என்று காலால் தரையைத் தட்டினாள். "தோ ஹம் போலேகா. தூ கோன்?"

என் இடம் என்றால் நான்தான் சொல்வேன், நீ யார் என்கிறாள். என் இடத்தில் நிற்கும் சுவரை என் அனுமதி இல்லாமல் எவள் தொட்டாலும் நானும் போய் விண்ணப்பம் போடுவேன், எனக்கும் பெஞ்சில் உட்காரத் தெரியும் என்றாள். சுவர் நிற்கட்டும், நீ குளித்துக்கொள். ஆனால் பானி மட்டும் இன்றைக்கே சாலைச் சாக்கடைப் பக்கம் திரும்ப வேண்டும், இனி என் மீனில் ஒரு சொட்டு சோப்பு விழக் கூடாது. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இறங்கப் போனவள், பாதியில் நின்று திரும்பினாள். விட்டுவிடச் சொல்லி நான் கெஞ்சிக்கொண்டு வந்திருந்தால், இடி என்றுதான் சொல்லியிருப்பாளாம்.

கடப்பாரையைக் கீழே வைத்தேன், அவள் நிலத்தில்தான் வைத்தேன். பிறகு உள்ளே போய், தண்ணீர்க் குழாயைத் திருப்ப ஆள் வரச் சொல்லிப் போன் செய்தேன்.